எந்தப் பொய் பெரிய பொய்?

2023-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி பிரிட்டிஷ் காமன்ஸ் சபை ஓர் அறிக்கையை 354 வோட்டுகளுக்கு 7 வோட்டுகளாக ஏற்றுக்கொண்டது. கொள்ளைநோய்க் காலத்தில் தமது காரியாலயத்தில் நடந்த விருந்துகளைப் பற்றி முன்னாள் பிரதம மந்திரி மிஸ்டர் போரிஸ் ஜான்ஸன் சபைக்கு வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தார் என்பதே அவ்வறிக்கையின் முடிவு. அறிக்கையைத் தயாரித்த கமிட்டியின் 7 அங்கத்தினரில் 4 பேர் அவருடைய சொந்தக் கட்சியினர். அறிக்கை வெளியாகுமுன்னரே அவர் சபையை விட்டு விலகிவிட்டார்.

இதே மிஸ்டர் ஜான்ஸனை 2004-ல் அவருடைய கட்சித் தலைவர் வேறொரு பொய்க்காக நீக்கினார். ஒரு பெண்ணுடன் அவருக்குத் தொடர்பு உண்டென்று பத்திரிகைகள் எழுதியபோது, அது வெறும் பிதற்றல் என்று அவர் கேலி செய்தார். பிறகு அது உண்மையென்று வெளிப்பட்டது. ஆயினும் 2019-ல் இங்கிலாந்து ஜனங்கள் அவருடைய குடும்பக் கதைகள் அனைத்தையும் அறிந்தே 80 ஸ்தானங்கள் மிகுதியான பெரும்பான்மையை அவருக்கு அளித்தனர். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலும் இதைப் போன்ற நிகழ்ச்சியையே காண்கிறோம். ஒரு மாதின் வாயை அடைக்கக் கொடுத்த பணத்தைக் கணக்குகளில் பொய்யாகப் பதிந்தார் என்ற வழக்கில், 2024 மே மாதம் நியூயார்க் ஜூரிகள் மிஸ்டர் டிரம்பை 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியென்றனர். அத்தகைய உறவே தமக்கு இருந்ததில்லை என்று அவர் சாதிக்கிறார். அந்த வருஷம் நவம்பரில் அந்நாட்டு ஜனங்கள் அவரை மறுபடியும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர்.

ஆகவே, மனைவிக்குத் துரோகம் செய்தவனும் ஊரறியப் பொய் சொன்னவனும் தலைமைக்குத் தகுதியுடையவனா என்ற கேள்வி இன்று புதிதாகப் பிறந்ததன்று, இன்றோடு தீரப்போவதுமன்று. இதற்குப் பதில் சொல்வோர் இரு திறத்தினர். வீட்டில் யோக்கியனல்லாதவன் நாட்டிலும் யோக்கியனாக இருக்கமாட்டான் என்பர் ஒரு சாரார். தலைவனின் வீட்டுக் கதவு நமக்கு எதற்கு, அவன் செய்யும் வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கட்சிகளிலும் நாம் சேரவில்லை. ஒழுக்கக்கேடு ஒருவனைத் தாழ்ந்த மனிதனாக்கும். அது பொதுக் காரியத்தில் கையை நீட்டும்போதுதான் அவனைத் தகுதியற்ற தலைவனாக்கும். பொய்யும் அப்படியே. ஆட்சியை விசாரிக்க உரிமை பெற்றவர்களிடம் ஆட்சி விஷயத்தில் சொல்லும் பொய்க்கும், வெட்கத்தை மறைக்கச் சொல்லும் பொய்க்கும் வித்தியாசம் மிகவும் பெரிது. ஆனால் உலகம் இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்த தராசு எப்போதும் கோணலாகவே இருந்திருக்கிறது.

முதல் சாராரின் வாதம் கேட்பதற்கு இனிமையானது. மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் தேசத்துக்குக் கொடுத்த வாக்கை மீறமாட்டான் என்பது என்ன நிச்சயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதனுடைய குணம் அவ்வளவு ஒழுங்காக ஒரே நேர்கோட்டில் ஓடுவதில்லை. நம்முடைய இதிகாசத்திலேயே தசரத சக்கரவர்த்தியைப் பாருங்கள். அந்தப்புரத்தில் அவன் ஏகபத்தினி விரதனல்லன். இளைய மனைவியின் மோகத்தில் அவன் அறிவிழந்ததும் உண்மை. ஆயினும் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக உயிரையே விட்டான். எதிர்ப்புறத்தில் மிஸ்டர் நிக்ஸனைப் பாருங்கள். அவருடைய இல்வாழ்க்கையில் எவரும் மாசு கண்டதில்லை. அவர் சொன்ன பொய்களைப் பற்றிப் பின்னால் கூறுவோம்.

ஐரிஷ் தலைவர் பார்னெலின் சரித்திரம் இந்த வாதத்துக்கு மேலும் சிக்கலான பதிலை அளிக்கிறது. 1887-ல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை ஒரு கடிதத்தை வெளியிட்டது. டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் நடந்த கொலைகளைப் பார்னெல் நியாயப்படுத்தி எழுதியது என்பது அதன் பெருமை. 1889 பிப்ரவரியில் விசாரணைக் கமிஷன் முன்பு அக்கடிதம் பிகாட் என்பவனின் கள்ளக் கையெழுத்தென்று நிரூபணமாயிற்று. அவன் ஸ்பெயினுக்கு ஓடிப்போய்த் தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். பார்னெலின் புகழ் உச்சியில் நின்றது. அதே வருஷம் டிசம்பரில் காப்டன் ஓஷே என்பவர் தம் மனைவியிடமிருந்து விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்து, பார்னெலைப் பிரதிவாதியாக்கினார். அந்த மாதுடன் பார்னெல் பல வருஷங்களாகக் கணவன் மனைவிபோல் வாழ்ந்து வந்தது உண்மை. காப்டன் அதை வெகுநாள் அறிந்தும் அறியாதவர்போல் இருந்தாரென்பது சரித்திராசிரியர் பலருடைய கருத்து.

1890 நவம்பர் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. நவம்பர் 25-ந் தேதி ஐரிஷ் அங்கத்தினர்கள் பார்னெலையே மறுபடியும் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பார்னெல் தலைவராக நீடித்தால் தமது லிபரல் கட்சி ஐரிஷ் சுயாட்சிக்காக உழைக்க முடியாது என்ற பொருள்பட கிளாட்ஸ்டன் எழுதிய கடிதம் உடனே வெளியாயிற்று. 15-ம் நம்பர்க் கமிட்டி அறையில் சண்டை நடந்தது. டிசம்பர் 6-ந் தேதி பெரும்பான்மையோர் அவரைக் கைவிட்டு வெளியேறினர். பார்னெல் 1891 ஜூனில் அந்த மாதை மணந்து, அக்டோபரில் 45-வது வயதில் மாண்டார். அவருடைய கட்சி 1900 வரையில் இரண்டாகவே கிடந்தது.

பார்னெலின் பக்கத்தில் குற்றமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. குற்றம் எங்கே என்பதுதான் கேள்வி. 1886-ல் கால்வே நகரத்தின் இடைத்தேர்தலில் அதே காப்டன் ஓஷேயை அபேட்சகராகப் பார்னெல் நிறுத்தினார். கட்சிப் பிரதிக்ஞையில் கையெழுத்திட மறுத்த மனிதர் அந்தக் காப்டன். ஹீலி, பிக்கர் முதலிய சகாக்கள் கூச்சலிட்டனர். பார்னெல் நேரில் சென்று அவர்களை அடக்கினார். ஒரு குடும்ப ரகசியத்தின் பொருட்டு ஒரு நகரத்து ஜனங்களின் பிரதிநிதித்துவம் கைமாறியது அன்றுதான். அந்தரங்கம் பொதுக் காரியத்தில் கை நீட்டிய இடம் அது. விவாகரத்து வழக்கின்போதும், தாம் களங்கமின்றி மீள்வதாக மைக்கேல் டேவிட் போன்ற உண்மைத் தோழரிடம் அவர் உறுதி கூறியதுண்டு. கால்வேயில் சகித்துக்கொண்டவர்கள் கமிட்டி அறையில் சீறினார்கள். 1886-ல் எழுப்பவேண்டிய கேள்வியை எழுப்பாமல் விட்டு, 1890-ல் ஒரு விவாகரத்துத் தீர்ப்பையும் ஒரு லிபரல் தலைவரின் கடிதத்தையும் காரணமாகக் கொண்டு தேசத்தின் கட்சியையே உடைத்தனர் என்பதே நம் அபிப்பிராயம்.

இனி மிஸ்டர் கிளிண்டனின் வழக்கு. இரு சாராருடைய வாதங்களும் முழு உருவத்தில் வெளிவந்தது இதில்தான். அவர் அர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தின் கவர்னராயிருந்தபோது தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டாரென்று, அந்த ராஜ்ய சர்க்காரின் ஊழியராயிருந்த ஒரு மாது 1994-ல் சிவில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 1998 ஜனவரி 17-ந் தேதி பிரமாணத்தின்மேல் வாக்குமூலம் கொடுத்த ஜனாதிபதி, வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராயிருந்த ஓர் இளம்பெண்ணுடன் தமக்குத் தொடர்பில்லை என்றார். ஒன்பது நாட்களுக்குப் பிறகு தேச மக்கள் அனைவரும் காண விரலை ஆட்டி அதையே மறுபடியும் சொன்னார். தொடர்பு ஆரம்பித்தபோது அவருக்கு வயது 49, அப்பெண்ணுக்கு 22. ஏழு மாதங்கள் மந்திரிகளும் காரியதரிசிகளும் தலைவரின் சொல்லை உண்மையென்று ஊருக்கு உத்தரவாதம் செய்துவந்தனர். ஆகஸ்டு 17-ந் தேதி கிராண்டு ஜூரியின் விசாரணை முடிந்த இரவு, தகாத உறவு இருந்தது உண்மையே என்று டெலிவிஷனில் அவர் ஒப்புக்கொண்டார். அப்பெண்ணின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. உலகம் அதைப் போதுமான அளவு எழுதிச் சிரித்து முடித்துவிட்டது. சிரிக்கப்பட்டவள் அவள், பதவியில் இருந்தவர் அவர்.

1998 டிசம்பர் 19-ந் தேதி பிரதிநிதி சபை அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. கிராண்டு ஜூரி முன் பொய்ச்சாட்சி சொன்னதாக 228-க்கு 206. நீதிக்கு இடையூறு செய்ததாக 221-க்கு 212. 1999 பிப்ரவரி 12-ந் தேதி ஸெனெட் சபையில் முதல் குற்றச்சாட்டுக்கு 45 பேரும் இரண்டாவதற்கு 50 பேருமே ஆதரவளித்தனர். பதவியிலிருந்து நீக்க 67 பேர் வேண்டும். அவர் தப்பினார்.

குற்றம் சாட்டியவர்களின் லட்சணத்தையும் பார்க்கவேண்டும். விசேஷ வக்கீல் ஸ்டார் 1994-ல் ஒரு நில வியாபாரத்தைத் தோண்டப் புறப்பட்டவர். படுக்கையறையில் வந்து சேர்ந்தார். சபாநாயகராயிருந்த மிஸ்டர் கிங்ரிச், அதே காலத்தில் தமக்கும் இப்படியொரு தொடர்பு இருந்ததைப் பின்னர் 2007-ல் ஒப்புக்கொண்டார். அவர் ஸ்தானத்துக்கு நியமனமாகவிருந்த மிஸ்டர் லிவிங்ஸ்டன், தம்முடைய கதை வெளிப்பட்டதால், வோட்டெடுப்பு நடந்த அன்றைக்கே சபையில் எழுந்து விலகுவதாக அறிவித்தார். அவருக்குப் பதில் வந்த மிஸ்டர் ஹாஸ்டர்ட், முன்பு ஆசிரியராயிருந்த காலத்தில் மாணவனுக்கு இழைத்த கொடுமையை மறைக்கப் பணம் கொடுத்தது சம்பந்தமான பாங்கிக் குற்றத்துக்காக 2016-ல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர்களின் வரிசை இது! அமெரிக்க ஜனங்கள் இவர்களை நம்பாததில் ஆச்சரியமில்லை. 1998 நவம்பர்த் தேர்தலில் ஜனாதிபதியின் கட்சியே பிரதிநிதி சபையில் 5 ஸ்தானங்களை அதிகமாகப் பெற்றது.

ஆனால் மிஸ்டர் கிளிண்டனின் நண்பர்கள் சொன்ன சமாதானமும் நமக்குச் சம்மதமில்லை. எல்லா ஆண்பிள்ளைகளும் இவ்விஷயத்தில் பொய்தான் சொல்லுவார்கள், இது வெறும் வீட்டு விவகாரம் என்றார்கள். அப்பொய் வீட்டில் சொன்னதன்று. நியாயஸ்தலத்தின் விசாரணையில், பிரமாணத்தின்மேல் சொன்னது. கவர்னராயிருந்தவர்மீது ஒரு சாதாரண ஊழியப் பெண் வழக்குத் தொடுத்தாளானால், அவரும் சத்தியப் பிரமாணத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத் தவிர அவளுக்கு வேறு துணை ஏது? அவள் வழக்கு வலிமையுள்ளதா இல்லையா என்பது வேறு விஷயம். வழக்கு நடந்த கோர்ட்டின் நீதிபதி 1999 ஏப்ரலில் ஜனாதிபதி கோர்ட்டை அவமதித்தவரென்று தீர்ப்பளித்து, சுமார் 90,000 டாலர் செலுத்தும்படி செய்தார். 2001 ஜனவரியில், பதவியை விட்டிறங்கும் தறுவாயில், தம் பதில்கள் சில பொய்யானவை என்று ஒப்புக்கொண்டு, வக்கீல் தொழில் செய்யும் உரிமையை ஐந்து வருஷங்களுக்கு இழந்தார். பிரமாணத்துக்குக் கட்டுப்படாத வக்கீல் கோர்ட்டுக்கு உதவமாட்டான் என்று தீர்மானித்த தேசம், அத்தகைய ஜனாதிபதி மட்டும் உதவுவான் என்று எண்ணியது எப்படி? ஆகஸ்டு 17-ந் தேதி இரவே அவர் ராஜிநாமா செய்திருந்தால் அவருடைய பெருமையும் நின்றிருக்கும், அவர் பதவியின் பெருமையும் நின்றிருக்கும்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதன் பின்னே நிற்கிறது. அந்த ஆகஸ்டு 17-க்கு மூன்றாவது நாள், நைரோபி, தார் எஸ் ஸலாம் நகரங்களில் அமெரிக்க ஸ்தானிகராலயங்கள் தகர்க்கப்பட்டதற்குப் பதிலடியென்று, அமெரிக்க ஏவுகணைகள் ஆப்கானிஸ்தானத்திலும் ஸூடானிலும் விழுந்தன. கார்ட்டூம் நகருக்கருகில் அல்-ஷிபா என்ற மருந்துத் தொழிற்சாலை அழிந்தது. அங்கே நச்சு வாயுவுக்கான சரக்கு தயாரானதென்று ஜனாதிபதியின் சர்க்கார் உலகத்துக்குச் சொல்லிற்று. அதற்குத் திடமான அத்தாட்சி வெளிவரவில்லை. 1999 மே மாதம், தொழிற்சாலைச் சொந்தக்காரர் வழக்குத் தொடுத்தபோது, அதை எதிர்த்து வாதாடாமலே அவருடைய முடக்கப்பட்ட பணத்தை அமெரிக்க சர்க்கார் விடுவித்தது. அறிந்தே பொய் சொன்னார் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் ஓர் ஏழைத் தேசத்தின் மருந்துச்சாலை எந்த அத்தாட்சியின்பேரில் எரிந்தது என்ற விசாரணையில், ஒரு பெண்ணின் உடையிலிருந்த கறையை ஆராய்ந்ததில் காட்டிய சிரத்தையின் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் காணவில்லை. கடுகு போன இடத்தை ஆராய்ந்தவர்கள் பூசணிக்காய் போன இடத்தைக் கேட்கவில்லை.

அந்தத் தேசத்துக்கு இது புதிய வழக்கமன்று. மிஸ்டர் நிக்ஸனை நாம் மேலே குறிப்பிட்டோம். 1969 மார்ச்சு முதல் 14 மாதங்கள் கம்போடியாவில் ரகசியமாகக் குண்டு வீசச் செய்து, தென் வியட்நாமில் வீசியதாகப் பொய்க் கணக்கு எழுதிவைத்தது அவருடைய சர்க்கார். அமெரிக்க காங்கிரஸில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. 1974 ஜூலையில் நீதிக் கமிட்டி அவர்மீது குற்றச்சாட்டுகளை வரைந்தபோது, திருட்டுத்தனமாக ஒரு கட்சிக் காரியாலயத்தில் புகுந்ததை மறைத்த குற்றம் நிறைவேறிற்று. கம்போடியாவைப் பற்றிய குற்றச்சாட்டோ 12-க்கு 26 என்ற வோட்டில் தள்ளுபடியாயிற்று. ஆகஸ்டு 9-ந் தேதி அவர் பதவி துறந்தார். கம்போடியாவுக்காக அல்ல.

மீண்டும் காமன்ஸ் சபைக்கு வருவோம். அங்கே ஏழு வருஷ இடைவெளியில் ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு மந்திரிகள் இரண்டு பொய்கள் சொன்னார்கள். 1963 மார்ச்சு 22-ந் தேதி, யுத்த மந்திரி புரொபியூமோ, ஓர் இளம்பெண்ணுடன் தமது பழக்கத்தில் தகாதது எதுவுமில்லை என்றார். அப்பெண்ணுக்கு ஸோவியத் கடற்படை அதிகாரி ஒருவருடனும் பழக்கம் இருந்ததால் விஷயம் பெரிதாயிற்று. ஜூன் மாதம் சபையில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு ராஜிநாமா செய்தார். தேசரகசியம் எதுவும் வெளியேறவில்லை என்று பின்னர் விசாரித்த டென்னிங் பிரபு கண்டார். புரொபியூமோ ராஜீய வாழ்வுக்குத் திரும்பவேயில்லை. கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கு உழைக்கும் டாயின்பீ ஹால் என்ற ஸ்தாபனத்தில் பல்லாண்டுகள் ஊதியமின்றித் தொண்டு செய்து 2006-ல் காலமானார். தண்டனையை இவ்வளவு கண்ணியமாக ஏற்றுக்கொண்ட ராஜீயவாதி அருமை.

மற்றவர் பிரதம மந்திரி ஸர் ஆண்டனி ஈடன். 1956 அக்டோபர் 22 முதல் 24 வரை பாரிஸுக்கு அருகே ஸேவ்ர் என்னுமிடத்தில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் இஸ்ரேலியரும் ரகசியமாகக் கூடி ஓர் உடன்படிக்கை எழுதினர். இஸ்ரேல் எகிப்தைத் தாக்கவேண்டியது. உடனே பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானம் செய்பவர்கள்போல் வந்து ஸூயஸ் கால்வாயைப் பிடித்துக்கொள்ளவேண்டியது. 29-ந் தேதி இஸ்ரேல் தாக்கிற்று. நாடகம் எழுதியபடியே நடந்தது. நூற்றுக்கணக்கான எகிப்தியர் மாண்டனர். டிசம்பர் 20-ந் தேதி ஸர் ஆண்டனி சபையில் எழுந்து, இஸ்ரேல் தாக்கப்போவது தமது சர்க்காருக்கு முன்கூட்டித் தெரியாது என்றார். உடன்படிக்கையின் பிரதிகளை அழித்துவிடவேண்டுமென்று முன்னரே பாரிஸுக்கு ஆளனுப்பியவர் அவர். 1957 ஜனவரியில் பதவியை விட்டார்; காரணமாகச் சொல்லப்பட்டது உடல்நலக் குறைவு. 1961-ல் அவருக்கு ஏவன் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. பெண்ணைப் பற்றிப் பொய் சொன்னவர் அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்யப் போனார். யுத்தத்தைப் பற்றிப் பொய் சொன்னவர் பிரபுக்கள் சபைக்குப் போனார்.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் ஜனங்களின் மூடத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமாகாது. படுக்கையறைப் பொய்யைப் புரிந்துகொள்ள ராஜதந்திரம் படிக்கவேண்டியதில்லை. அதற்குச் சாட்சிகளும் பத்திரிகைக்காரர்களும் தாமே தேடி வருவார்கள். யுத்தப் பொய்யின் தஸ்தாவேஜுகளோ சர்க்காரின் பூட்டுக்குள் இருக்கும். பூட்டின் சாவி பொய் சொன்னவரிடமே இருக்கும். ஸேவ்ர் உடன்படிக்கையின் வாசகம் இஸ்ரேலிடமிருந்த பிரதியின் மூலம் முழுமையாக உலகுக்குத் தெரிய 40 வருஷங்கள் ஆயின. அதற்குள் ஸர் ஆண்டனி இறந்து 19 வருஷங்கள் கடந்துவிட்டன. எதிர்க்கட்சியினரும் இதில் நிரபராதிகளல்லர். யுத்தத்துக்கு வோட்டளித்தவர்கள் யுத்தப் பொய்யைத் தோண்டினால் தங்கள் கையும் அழுக்காகும் என்று அஞ்சுகிறார்கள். தலைவனின் கள்ளக் காதலைத் தோண்டுவதில் அந்த அச்சமில்லை, கிளிண்டன் விஷயத்தில் தோண்டியவர்கள் கற்ற பாடம் நீங்கலாக.

மிஸ்டர் ஜான்ஸன் விஷயத்தில் காமன்ஸ் சபை செய்ததை நாம் முழு மனத்துடன் ஆதரிக்கிறோம். உற்றாரின் மரணப் படுக்கையருகே போகக்கூடாதென்ற சட்டத்துக்கு ஜனங்கள் கீழ்ப்படிந்த நாட்களில், அச்சட்டத்தைச் செய்தவர் அதை மீறியதும், கேட்ட சபைக்குத் தவறான பதில் சொன்னதும் வீட்டு விவகாரமல்ல. ஆனால் அதே சபையில் 2016 நவம்பர் 30-ந் தேதி வேறொரு தீர்மானம் வந்தது. இராக் யுத்தத்துக்கு முன் 2003-ல் பிரதம மந்திரி டோனி பிளேர் வெளியில் சொன்னதற்கும் உள்ளே எழுதியதற்குமுள்ள வேறுபாட்டை ஒரு கமிட்டி ஆராயவேண்டும் என்பது அதன் கோரிக்கை. இராக்கிடமிருந்த ஆயுதங்களைப் பற்றிய தகவல்கள், அவற்றுக்கு இல்லாத நிச்சயத்துடன் ஜனங்களுக்குச் சொல்லப்பட்டன என்று சில்காட் கமிட்டி அந்த வருஷம் ஜூலையில்தான் அறிக்கை கொடுத்திருந்தது. அவர் பொய் சொன்னார் என்று சில்காட் சொல்லவில்லை. தாம் நல்லெண்ணத்துடனேயே நடந்ததாக மிஸ்டர் பிளேரும் கூறுகிறார். அது மெய்யா என்று ஆராயத்தான் கமிட்டி கேட்டார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக 70 வோட்டுகள் கிடைத்தன, எதிராக 439.